காம்போதி வேண்டாம்

காப்பி ஆறிக் கிடந்தது. யாரும் தொடவில்லை. கல்யாணம் நெருங்கிவிட்ட வீடு காலையில் இப்படி அமைதியாக இருந்தால் நம்பக் கூடாது.

மேளம் பேசிவிட்ட கபாலி வாசலில் நின்றான்.

"இன்னா நைனா, வித்வான் கேட்டுக்கினே கீறாரு. மாப்ள ஊர்வலத்துக்கு இன்னா ராகம் வாசிக்கணும்?"

"காம்போதி" என்றார் சுயம்புலிங்கம். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். துணி தெரியும், ராகம் தெரியாது. யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். யார் என்று சொல்லவில்லை.

"காம்போதி வேண்டாங்க!" அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் அவர் மனைவி தங்கபுஷ்பம். "வேற எது வேணும்னாலும் வாசிக்கட்டும்... இது மட்டும் வேண்டாம்!"

"ஏன்ட்டி?"

எப்படிச் சொல்வாள்? காரணம் கூடத்து மூலையில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தது. பங்கஜம், புருஷனின் தங்கை. சின்ன வயசிலேயே தாலியறுத்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அவளைக் கட்டியவன் பாட்டுப் பைத்தியம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் காரை முச்சந்தியில் நிறுத்தி, காம்போதியை முழுசும் கேட்டுவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தான். அவன் செத்த வருஷம் ரேடியோவில் அதே ராகம் வந்தபோது பங்கஜம் தூணைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அன்றைக்கெல்லாம் சோறு தொடவில்லை. அதிலிருந்து, ரேடியோவில் காம்போதி என்று சொன்னால் போதும், தங்கபுஷ்பம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குமிழைத் திருகி அணைத்துவிடுவாள். ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"ஒரே பொண்ணு கல்யாணம்! நல்ல மேளம் வைக்க உனக்கு வலிக்குதோ?"

"அப்ப பேண்டு செட்டே போதும்!" என்றாள், வேறு வழி தெரியாமல்.

பங்கஜம் பூவை வீசி எறிந்தாள்.

"போதும் மைனி! அண்ணன்கிட்ட அதைக் கேட்டது நான்தான். தெரிஞ்சுதானே வேண்டாங்கிறீய?"

"நீயா கேட்ட...?"

"நடிக்காதீய! ரேடியோல வந்தாலே ஓடிவந்து அணைப்பீயளே... அறுதலிக்கு எதுக்குப் பாட்டுன்னுதானே? அந்த மனுசன் வச்சிட்டுப் போனதுல எனக்கு மிஞ்சினது அது ஒண்ணுதான். அதையும் காதுல விழ விடலியே! இன்னைக்கு ரயிலுக்கே நம்ம ஊர் தூத்துக்குடிக்குப் போறேன். உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான் எதுக்கு?"

தகரப் பெட்டியை இழுத்து வந்தாள். கல்யாணப் பெண் ஜெயபாரதி, "அத்தே... போகாதீங்க அத்தே!" என்று அவள் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"நீ மனுஷிதானாட்டி?" என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினார் சுயம்புலிங்கம்.

"அப்பால வரேன் நைனா" என்று கபாலி நழுவினான்.

தங்கபுஷ்பம் போய்ப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்குத் தூணைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தியே புள்ள... மறுபடி அப்படி அழுதுரக் கூடாதேன்னுதான் அணைச்சேன். மண்டபத்துல நீ அழுதேன்னு வையி, சம்பந்தி வீட்டுக்காரிக 'அபசகுனம், உள்ள போ'ன்னு உன்னை விரட்டுவாளுவ. அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல..."

பங்கஜத்தின் கை பெட்டியிலிருந்து நழுவியது.

"அழத்தானே மைனி கேட்டேன்... நீங்க அணைச்சப்புறம் கொல்லையில போய் நின்னு, மீதியை மனசுக்குள்ள பாடிக்கிடுவேன்... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீயும் கேட்டிருக்கலாமேட்டி!"

ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். சுயம்புலிங்கம் ஆறிய காப்பியைத் தானே எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைத்தார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

ஊர்வலத்தன்று மாப்பிள்ளை கார் மண்டபத் தெரு முனைக்கு வந்தபோது மேளம் நின்றது. ஆரத்தித் தட்டோடு நின்ற தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் பங்கஜம்.

"அந்தம்மா முன்னால எதுக்கு?" என்றாள் சம்பந்தியம்மாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தச் சிரிப்பை நம்ப முடியாது.

"என் நாத்தனா. இங்கனதான் நிப்பா" என்றாள் தங்கபுஷ்பம்.

நாயனத்தில் காம்போதி எழும்பியது. பங்கஜத்தின் கண்கள் கொட்டின. தட்டைப் பிடிக்காத தங்கபுஷ்பத்தின் கை, தன்னை அறியாமல், காற்றில் எதையோ தேடித் திருகியது.

பங்கஜம் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காதீய மைனி... முழுசும் வாசிக்கட்டும்."