கத்தி பட்ட பிரேக் ஹோஸ்

"என் பையன் கொலைகாரன் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. செத்தவரை யாராலயும் திருப்பித் தர முடியாது. இவனையாவது குடுங்க," என்றாள் நோரீன்.

துப்பறியும் ஹார்லன் பீச்சம் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

அவள் கணவன் ஏர்ல் வைக்கோல் ஏற்றிக்கொண்டு கணவாயில் இறங்கும்போது, பழைய பிக்கப் வண்டியின் பிரேக் அற்று, பள்ளத்தில் விழுந்து இறந்தான். முன்சக்கரத்துக்கு பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸில் கத்தி வெட்டு இருந்தது. ஏர்லின் முதல் தாரத்து மகனும் நோரீன் வளர்த்தவனுமான டேன், முந்தின நாள்தான் ஏர்லோடு கடைவீதியில் கைகலந்திருந்தான். இப்போது அவன் ஜெயிலில் சாப்பிட மறுத்துக் கிடந்தான்.

ஷெரிஃபின் காவல் நிலைய முற்றத்தில் வண்டி நசுங்கி நின்றது. நோரீனின் தம்பி வெஸ்லியும் வந்திருந்தான். அந்த வண்டிக்கு உயரமான ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தவன் அவன். பள்ளத்திலிருந்து தனியாளாக இழுத்து வந்தவனும் அவனே.

பீச்சமின் உதவியாளர் கிளைட் அவசரமாகக் குனிந்தார். "பாதி ஹோஸ் சுத்தமா வெட்டியிருக்கு சார். மீதி நார்நாராப் பிஞ்சு, எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடக்கு."

"வெட்டின பக்கம்?"

"காஞ்சு பளிச்சுன்னு இருக்கு."

பீச்சம் வண்டிக்கடியில் படுத்து வெகுநேரம் பார்த்தார். "வெஸ்லி, இதைக் கடைசியாத் தூக்கினது யாரு?"

"நான்தான், டயர் மாத்த. சக்கரத்து ஆக்சிலுக்கு அடியிலதான் ஜாக்கி குடுத்தேன்."

"உயரம் கூட்டினப்ப ஹோஸையும் நீளமாப் போட்டீங்களா?"

"போட்டேனே."

பீச்சம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஆக்சிலுக்கு அடியில பழைய சேறு இறுகிக் கிடக்கு, ஒரு பொருக்குகூட உதிரல. மேல இருக்கற சேஸ் சட்டத்துலதான் துரு உரிஞ்சு, ஜாக்கி வச்ச தடம் புதுசா மின்னுது. சேஸைத் தூக்கினா ஆக்சில் கீழ தொங்கும். ஹோஸ் நீளமா இருந்தா பரவாயில்ல. இது பழைய குட்டை ஹோஸ், வெடிப்பு விட்டது. ஆக்சிலோட பாரமெல்லாம் அதுமேல. இறக்கி வச்சப்புறம் பார்க்க நல்லாத்தான் இருந்திருக்கும். மலையில ஏர்ல் அழுத்தி மிதிச்சதும் பிஞ்சிடுச்சு. இந்த மாதிரிப் பழைய வண்டியில ஒரு ஹோஸ் போனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும்."

"அப்ப வெட்டு?" என்றார் கிளைட்.

"முன்னாடியே வெட்டியிருந்தா அங்கதான் எண்ணெய் முதல்ல நனைச்சிருக்கும். எண்ணெயெல்லாம் வடிஞ்சப்புறம், வண்டியை இழுத்துட்டு வந்தப்ப பட்ட கத்தி அது."

வெஸ்லி தரையைப் பார்த்தான். "கொல்லணும்னு செய்யல அக்கா. பள்ளத்துல பார்த்ததும் என் கை வேலைன்னு தெரிஞ்சுடுச்சு. பயந்துபோய், யாரோ வெட்டின மாதிரி ஹோஸ்ல கத்தியை வச்சுட்டேன். டேன் மேல சந்தேகமான்னு ஷெரிஃப் கேட்டார். தலையாட்டிட்டேன்."

"அடக்கத்தன்னிக்கு என்னைத் தாங்கிப் பிடிச்சுட்டு நின்னியே. அப்பவும் தெரியுமா?"

அவன் தலையாட்டினான்.

நோரீன் வாசல் பக்கம் திரும்பினாள். வெஸ்லி பழக்கத்தில் கை நீட்டினான். அவள் விலகி, கிளைட்டின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. புள்ள சாப்பிடாம கிடக்கான்."