மான் நொண்டிய நாள்

சிட்டுவுக்கு எதிலும் பொறுமை கிடையாது. பல் தேய்க்கும்போதே ஒரு காலில் செருப்பு மாட்டியிருப்பாள்.

அவள் அம்மா தச்சுப் பட்டறையில் வேலை செய்கிறாள். விடுமுறை வந்தால் அந்தத் தெருவில் எல்லா வீட்டு முற்றத்திலும் மரத்தால் ஏதாவது அலங்காரப் பொம்மை செய்து வைப்பார்கள். இந்த வருடம் மான் செய்யும் பொறுப்பு சிட்டுவுடையது. உடலையும் தலையையும் அம்மாவே செய்து கொடுத்துவிட்டாள். கால்கள் மட்டும் பாக்கி.

"கால் அளவுக்கு வெட்டின இந்த அட்டையை வெச்சு நாலு காலையும் வரைஞ்சு அறு. ஒவ்வொரு தடவையும் அட்டையைத்தான் வெக்கணும்" என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போனாள்.

சிட்டு முதல் காலை அட்டை வைத்துத்தான் அறுத்தாள். அதற்குள் அட்டை காற்றில் பறந்து அறைக்குள் போய்விட்டது. எழுந்து போகச் சோம்பல். முதல் காலை வைத்து இரண்டாவதை வரைந்தாள். இரண்டாவதை வைத்து மூன்றாவது. மூன்றாவதை வைத்து நான்காவது. நான்கையும் திருகாணி போட்டு முடுக்கி, மானை முற்றத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, நான் ஏறவா?" என்று அவளுடைய ஐந்து வயதுத் தம்பி பொடியன் கேட்டான்.

ஏறி உட்கார்ந்தான். மான் சரிந்தது. பொடியன் மண்ணில் விழுந்தான்.

எதிர்வீட்டு ஜன்னலில் துணி தைத்துக்கொண்டிருந்த டெய்லர் மாமா எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மான் நொண்டுது?"

தெருப்பிள்ளைகளும் வந்து நின்றார்கள். சிட்டுவின் காதெல்லாம் சூடானது.

"நான் சரியாத்தான் செஞ்சேன் மாமா. இவன் ஏறினான். கால் வளைஞ்சுடுச்சு."

மரக்கால் எங்கேயாவது வளையுமா என்று யாரும் கேட்கவில்லை.

"யானை ஏறினா மான் தாங்குமா?" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். 'யானை, யானை' என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பொடியன் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மதியம் அப்பா ரொட்டி போட்டார். பொடியன் எப்போதும் மூன்று சாப்பிடுவான். அன்று ஒன்றோடு கையைக் கழுவப் போனான்.

"ஏன்டா, வயிறு வலிக்குதா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா. நான் ரொம்ப கனமா இருக்கேன். மானை உடைச்சுட்டேன்."

சிட்டு கையில் இருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள். தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். தம்பியை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

சாப்பிட்டதும் முற்றத்துக்குப் போய் நான்கு கால்களையும் கழற்றினாள். வரிசையாக நிறுத்தினாள். மாடிப்படி போல ஒன்றைவிட ஒன்று உயரமாக இருந்தது. பென்சில் கோடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே தள்ளிப் போயிருக்கிறது. அறைக்குப் போய் அட்டையை எடுத்து வந்தாள். முதல் கால் மட்டும்தான் அதற்குச் சரியாகப் பொருந்தியது.

மற்ற மூன்றின் மேலும் அட்டையை வைத்து வரைந்து, மிச்சத்தை அறுத்து எடுத்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நான்கு கால்களையும் திரும்ப முடுக்கினாள். மான் ஆடாமல் நின்றது.

இப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. தம்பி உடைத்ததை அக்கா சரிசெய்தாள் என்றுகூடச் சொல்வார்கள். அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு இன்னும் கூசியது.

பொடியன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். "அக்கா, நான் தொட மாட்டேன். இங்கேருந்தே பாத்துக்கிறேன்."

சிட்டு அவன் கையைப் பிடித்து நேரே டெய்லர் மாமாவின் ஜன்னலுக்குக் கூட்டிப் போனாள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

"மாமா, மான் சாஞ்சது இவனால இல்ல. காலை நான்தான் தப்பா அறுத்தேன். பழியை இவன் மேல போட்டுட்டேன்."

மாமா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நான் வேற யானைன்னு சொல்லிச் சிரிச்சேனே" என்று அவரும் தலையைச் சொறிந்தார்.

"அப்ப நான் உடைக்கலையா?" என்று பொடியன் கேட்டான்.

"இல்லடா. நான்தான். தப்புடா."

பொடியன் அவள் கையை உதறினான். கோபம் இருந்தது. இருக்கத்தான் செய்யும். பிறகு முற்றத்துக்கு ஓடி மான் மேல் ஏறினான். முதலில் மெல்ல உட்கார்ந்தான். அப்புறம் குதித்துப் பார்த்தான். மான் அசையவில்லை.

"அக்கா, ரொட்டி மிச்சம் இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"ரெண்டையும் எடுத்துட்டு வா. இங்கேயே சாப்பிடறேன்."

சிட்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடினாள்.