வேனை ஏன் முதலில் விட்டீங்க?

"ஃபெயில்!"

ஒரே ஒரு சொல். அதையும் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, காரைச் சோதித்த அந்த ஆள்... கையிலிருந்த துணியைப் பார்த்துச் சொன்னான்.

டெஸ்ஸாவுக்குச் சுர்ரென்று ஏறியது. தலைமுடியிலிருந்து மழைத்தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஃபெயிலா? எதுல?"

"புகையில, மேடம். கார்பன் மோனாக்சைடு அளவு தாண்டிடுச்சு."

"தாண்டாம என்ன செய்யும்? சொன்ன நேரத்துக்கு நான் வந்தாச்சு. எனக்கப்புறம் வந்த பிளம்பர் வேனை முதல்ல உள்ள விட்டீங்க. கூரையே இல்லாத காரு சார் இது! புகைக்குழாய் வெளியில, பக்கவாட்டுல போகுது. புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டரும் அதுலயேதான் இருக்கு. அவ்வளவு நேரம் மேல மழை கொட்டினா ஆறிப் போகாதா? ஆறிப் போனா அது வேலை செய்யுமா?"

"எண்ணெய்ச் சூடு பார்த்தேன். சரியாத்தான் இருந்தது."

"எண்ணெய் எஞ்சினுக்குள்ள இருக்கு, அது நனையலை! குழாய் நனைஞ்சுது. நான் நனைஞ்சேன். வேனை ஏன் முதல்ல விட்டீங்க?"

அவன் துணியால் கையைத் துடைக்க ஆரம்பித்தான்.

அலுவலக ஜன்னல் வழியே மோரீன் தலையை நீட்டினாள். ஸ்கிப்டன் வட்டாரத்தில் அவளுக்கு எல்லோருமே 'கண்ணு'தான். "டீ போடட்டுமா கண்ணு?"

"டீ வேண்டாம் மோரீன். நியாயம் வேணும்!"

"அது தீர்ந்துபோச்சு கண்ணு. பிஸ்கட் இருக்கு."

சிரிக்கக் கூடாது என்று டெஸ்ஸா பல்லைக் கடித்தாள். சிரிக்கிற நாளா இது? கார் சாலையில் ஓட வருடாவருடம் வாங்கவேண்டிய எம்.ஓ.டி. சான்றிதழ், பழையது, இன்றோடு முடிகிறது. நாளைக் காலை கிளப்பின் மலைப்பயணம். சொந்தக் கையால் கார் கட்டியவர்கள் எல்லாம் வருவார்கள். டேரனும் வருவான்.

டேரன்... பெட்டி பெட்டியாய் வந்த பாகங்களைப் பாதி பூட்டிவிட்டு, அவளையும் பாதியில் விட்டுவிட்டுப் போனவன். மீதியை அவளே பூட்டி இரண்டு வருடம் ஓட்டிவிட்டாள். இந்தக் குளிர்காலத்தில், நொறுங்கிப்போன ஒரு காரிலிருந்து எஞ்சினைக் கழற்றி வந்து இதில் மாட்டியதும் அவள்தான். அதைக் கேள்விப்பட்டு, டேரன் பப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னான். "எம்.ஓ.டி.யா? அதுக்கா? பேசாம அதுல பூச்செடி நட்டு வை டெஸ்."

பூச்செடி!

"இப்பவே சூடு பண்ணிக் கொண்டு வர்றேன். மறுபடி டெஸ்ட் பண்ணுங்க," என்றாள்.

"மதியத்தோட மூடறோம் மேடம்."

"மேடம் கீடம் வேண்டாம். என் பேரு டெஸ்ஸா. உங்களுக்குப் பேரு இருக்கா, இல்ல வெறும் 'ஃபெயில்'தானா?"

"ஜோயல்," என்றான். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

சாம்பல் நிறக் கண்கள்... மலை மேல் மேகம் இறங்கி, எந்த நேரமும் பெய்துவிடுவேன் என்று நிற்குமே, அந்த நிறம். 'இந்த நேரத்தில் இது கண்ணில் பட்டுத் தொலைக்க வேண்டுமா?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"குழாய் ஆறினதுதான் காரணம்னு அவ்வளவு நிச்சயமா?" அவன் குரலிலும் இப்போது ரோஷம் ஏறியிருந்தது. "பேப்பர்ல பார்த்தேன், இன்னொருத்தர் காரிலேர்ந்து எடுத்த எஞ்சின்... வேற ஆயிரம் காரணம் இருக்கலாம்."

"நிச்சயம். அந்த எஞ்சின்ல என் கை படாத இடம் இல்ல. சந்தேகம்னா ஏறுங்க, பக்கத்துல உக்காந்து பாருங்க!"

"நானும் வரேன். திரும்பி வந்த உடனே டெஸ்ட்."

"ஷார்ட்ஸோடயா?"

"நான் யார்க்‌ஷயர்காரன். டிசம்பர்லயும் இதான்."

மழை விடவில்லை. ஜோயல் காலை மடக்கி, இடுப்பைச் சுருக்கி, ஒருவழியாக உள்ளே நுழைந்தான். கதவும் கிடையாது அந்தக் காருக்கு.

"நனைஞ்சிடுவோமே..."

"நின்னாத்தான் நனைவோம். ஓடினா மழை தலைக்கு மேல போயிடும். உங்க வாசல்ல நின்னதாலதான் நான் நனைஞ்சேன். வேனை ஏன் முதல்ல—"

"ரோட்டைப் பாருங்க!"

மலைப்பாதையில் கியரைக் குறைத்து ஏற்றினாள். எஞ்சின் உறுமியது. இருபுறமும் கற்சுவர்கள், நனைந்த ஆடுகள், பழுப்புப் புதர்கள்... மழை உண்மையாகவே தலைக்கு மேல் பறந்தது. பக்கத்தில் ஒரு சத்தம். திரும்பினால்... ஜோயல் சிரித்துக்கொண்டிருந்தான். சின்னப் பிள்ளை போல, வாயெல்லாம் பல்லாக.

'சிரித்தால் மன்னித்துவிடுவேன் என்று நினைப்போ?' என்று அவள் முகத்தைக் கடுமையாக்கினாள். கடுமை நிற்கவில்லை...

நேராகச் சோதனைக் கூடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். "இறங்கும்போது பார்த்து! குழாய் உங்க பக்கம்தான்—"

"ஆஆ!"

சொல்லி முடிப்பதற்குள் வெறுங்கால் குழாயில் உரசிவிட்டது. ஒற்றைக் காலில் குதித்தான்.

"சுடுதா?" என்றாள் டெஸ்ஸா, கையைக் கட்டிக்கொண்டு.

"சுடுதாவா? தீயா இருக்கு!"

"மோரீன், கேட்டுக்கோங்க. குழாய் சூடா இருக்குன்னு சோதிக்கிறவரே சொல்றாரு."

"கேட்டுச்சு கண்ணு. மலை உச்சி வரைக்கும் கேட்டிருக்கும்."

அவன் நொண்டிக்கொண்டே போய்க் கருவியின் முனையைக் குழாய்க்குள் செருகினான். அவள் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தாள். திரையில் எண்கள் இறங்கின... இறங்கின... நின்றன. அவளுக்கு மூச்சும் நின்றது.

"பாஸ்," என்றான் ஜோயல். இம்முறை அவள் கண்ணைப் பார்த்து. "சுத்தமான எஞ்சின். சந்தேகப்பட்டது என் தப்பு."

அழுகை வந்தது. அதை அவனுக்குக் காட்டுவாளா? காலுறையை இறக்கித் தன் ஆடுதசையைக் காட்டினாள். அதே இடம், பழைய தழும்பு. "இந்த மாதிரிக் கார் வச்சிருக்கிற எல்லாருக்கும் இந்த முத்திரை உண்டு. கால்ல தண்ணி ஊத்துங்க. ஊத்திக்கிட்டே சொல்லுங்க... வேனை ஏன் முதல்ல விட்டீங்க?"

தண்ணீர்க் குழாயடியில் காலை நீட்டியபடி அவன் தண்ணீரிடம் பேசினான்.

"நீங்க கேட் வழியா உள்ள வந்தப்ப... அந்த மழைல, தலைக்கு மேல ஒண்ணுமில்லாம, மூக்கு நுனில தண்ணி சொட்ட... சிரிச்சுக்கிட்டே வந்தீங்க. உங்க காரைக் கடைசியா எடுத்தா, பின்னாடி யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க... கொஞ்ச நேரம் பேசலாம்னு..."

"பேசறதுக்கா என்னை மழைல நிக்க வச்சீங்க!"

"குழாய் ஆறும்னு தோணலை. அப்புறம் மெஷின் ஃபெயில்னு காட்டுது... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க கண்ணைப் பார்ப்பேன்?"

ஜன்னலில் மோரீன் பிஸ்கட் கடிப்பதை நிறுத்திவிட்டாள்.

டெஸ்ஸாவுக்கு இன்னும் கோபம்தான். நியாயமான கோபம். ஆனால் அந்தச் சாம்பல் கண்களைப் பார்த்துக்கொண்டு அதைப் பிடித்து வைக்க முடியவில்லை...

"நாளைக்குக் கிளப் பயணம். பக்கத்து சீட்டு காலி," என்றாள். "மழை வருமாம்."

"வரட்டுமே."

"என் வாசல்ல எந்த வேனுக்கும் பின்னாடி நிக்கக் கூடாது. முதல் ஆளா வரணும்." காருக்குள் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை உறுமவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னாள். "எனக்கும்... பேசணும் போலத்தான் இருந்தது. திட்டுறதுக்கு நடுவுலயே."

கேட்டிருக்காது என்று நினைத்தாள். அவன் காது வரை சிவந்திருந்தது.

கேட்டைத் தாண்டும்போது திரும்பிக் கத்தினாள்.

"ஜோயல்! நாளைக்காவது ஒழுங்கா பேன்ட் போட்டுக்கிட்டு வா!"