இருபது நிமிடக் கடல்

"மெஷின் பொய் சொல்லாது மிஸ் ஓர்டீலியா, நூத்தி நாப்பது..."

"உன் மெஷின் தலையில இடி விழ! போன மாசம்கூட அம்பத்தெட்டுதான் இருந்தேன்..."

"பெட்டியக் கீழ வச்சிட்டு ஏறுங்க."

"கீழதான் இருக்கு, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

முள் அசையவில்லை. சான் அந்திரேஸ் தீவிலிருந்து ப்ரொவிடென்சியா தீவுக்குப் போகிற சின்ன விமானத்தில் பெட்டியோடு ஆளையும் எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். ஓர்டீலியா குனிந்து பார்த்தாள். அவள் எடை போக மிச்சம் எண்பத்திரண்டு. 'எண்பத்திரண்டு கிலோ, அத்தனையும் எலும்பு' என்று அவள் புருஷன் ரட்வெல் நெஞ்சைத் தட்டிக்கொள்வான்.

"சரி, ஏறுங்க. இன்னிக்குக் கூட்டமில்ல" என்றான் எடை போட்ட டெல்மார். "மாமா போனதுலேருந்து நல்லா சாப்பிடுறீங்கபோல."

"ஆமாண்டா. இப்பதான் சோறு தொண்டைக்குள்ள இறங்குது."

ரட்வெல் செத்து இன்று ஒன்பதாம் நாள். இன்றிரவு கதவைத் திறந்துவைத்து, கட்டிலைத் திசைமாற்றிப் போட்டு, அக்கம்பக்கம் கூடிப் பாடி அவன் ஆவியை அனுப்பிவைக்க வேண்டும். அவள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள். "என்னை விட்டுட்டுக் கடல் தாண்டிருவியா?" என்று முப்பது வருஷம் மணிக்கட்டை முறுக்கிச் சிரித்தவனுக்குப் பாட்டு ஒரு கேடா? செத்தவன் உப்புத்தண்ணீரைத் தாண்ட மாட்டான். தீவில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அக்கரை சேர்ந்துவிட்டால் அம்மா விட்டுப்போன வீடு, அவளுக்கே அவளுக்கு.

விமானம் கிளம்பியது. விசிறிகளின் இரைச்சலில் ஜன்னல் கண்ணாடி பல்லைப்போலக் கிடுகிடுக்க, சாயும் வெயில் இருக்கைகள்மேல் மெல்ல ஊர்ந்துவர, பெட்ரோல் நெடிக்கும் யாரோ மடியில் வைத்திருந்த தேங்காய் ரொட்டியின் வாசனைக்கும் அடியிலிருந்து, சவரம் செய்ததும் ரட்வெல் கன்னத்தில் அறைந்து பூசிக்கொள்கிற தைலத்தின் வாடை எழுந்தது. பக்கத்து இருக்கை காலி. ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

அவள் கீழே பார்த்தாள். தொண்ணூறு கிலோமீட்டர் கடல். படகில் போயிருந்தால் நாலு மணி நேரம் உப்புத்தண்ணீர் நனைத்திருக்கும். வாந்திக்குப் பயந்து விமானம் ஏறினாள். வெறும் இருபது நிமிடம். ஒரு சொட்டுகூடத் தொடவில்லை.

அவளையும் தொடவில்லை. அவனையும்.

மணிக்கட்டு வலித்தது.

இறங்கினாள். மற்றவர்கள் போய்விட்டார்கள். ப்ரொவிடென்சியாவின் விமான நிலையம் ஒரு மரக்கொட்டகை; அதன் வாசலோரமாக எடைமேடை. நேரே போய் ஏறினாள்.

நூற்று நாற்பது.

கீழே இறங்கினாள். முள்ளும் இறங்கியது. எண்பத்திரண்டு வரை. அங்கேயே நின்றது.

கால்கள் ஓடச் சொன்னன. ஓடவில்லை. முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவனை 'டா' போட்டதில்லை.

"இறங்குடா ரட்வெல். இது எங்கம்மா ஊரு. இங்க உனக்குக் கட்டில் கிடையாது. முறுக்க என் கையும் கிடையாது."

முள் சரிந்தது. பூஜ்யம்.

பலகைத்தரை ஒருமுறை முனகியது. வாசல் பக்கமா, முதுகுப் பக்கமா, தெரியவில்லை. தைல வாடை. இன்னும் கிட்டே.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள்.

"எங்கடா நிக்கிற?"