குடைப் பட்டறையில் ஒரு பாலம்

என் அம்மா சூப்பர்வைசர் ஆன மறுநாள் வகுப்பில் எல்லாரிடமும் அதைச் சொல்லிவிட்டேன். தண்ணீர் குடிக்க வந்த பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் விடவில்லை. என்னை எல்லாரும் வாயாடி என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

அம்மா வேலை செய்வது ஒரு குடைப் பட்டறையில். பல வருடங்களாகக் குடைகளுக்குக் கைப்பிடி ஒட்டியவர், இப்போது பட்டறை முழுவதையும் மேற்பார்வை பார்க்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதனால்தான் வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது அம்மா சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"திங்கக்கிழமை முதலாளிகிட்ட சொல்லிடப் போறேன். சூப்பர்வைசர் வேலை எனக்கு வேண்டாம். பழையபடி கைப்பிடியே ஒட்டிக்கிறேன்."

"ஏம்மா? என்னாச்சு?"

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அதான் ஆச்சு."

பட்டறையில் இரண்டு பிரிவுகள் உண்டு. கம்பி மாமாவின் ஆட்கள் குடைக்குக் கம்பிக்கூடு செய்வார்கள். தையல் பெரியம்மாவின் ஆட்கள் துணி வெட்டித் தைப்பார்கள். கொஞ்ச நாளாக, விற்ற குடைகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. விரித்தால் துணி விறைப்பாக நிற்காமல் தொளதொளவென்று தொங்கியது.

துணி நீளம் என்றார் கம்பி மாமா. கம்பி குட்டை என்றார் தையல் பெரியம்மா. இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. நாலடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவைக் கூப்பிட்டுத்தான் ஒருவருக்கொருவர் சேதி சொல்வார்களாம்.

"நாளைக்கு ரெண்டு பிரிவையும் ஏதாவது கட்டுற விளையாட்டு விளையாட வைக்கணும்னு முதலாளி பேப்பர் கப்பு வாங்கிக் குடுத்திருக்காரு. சேர்ந்து விளையாடினா சேர்ந்து வேலை செய்வாங்களாம்" என்று பெருமூச்சு விட்டார் அம்மா. "அதையும் பாத்துட்டு விட்டுடறேன்."

சனிக்கிழமை எங்களுக்குப் பள்ளி இல்லை. அப்பாவுக்கு வேலை இருந்தது. அதனால் நானும் என் தம்பி வாண்டுவும் அம்மாவோடு பட்டறைக்குப் போனோம். வாண்டுவின் கையில் அவனுடைய சிவப்பு பஸ் பொம்மை இருந்தது. குளிக்கும்போதுகூட அதை அவன் கீழே வைக்க மாட்டான்.

விளையாட்டு தொடங்கியது. எந்தப் பிரிவு கப்புகளை அடுக்கி உயரமான கோபுரம் கட்டுகிறதோ, அதற்குத்தான் வெற்றி. இரண்டு கோபுரங்களும் மளமளவென்று வளர்ந்தன. தையல்காரர்களின் கோபுரம் பெரியம்மாவின் தலையைத் தாண்டிய நேரத்தில் திடீரென்று ஃபேன் சுற்றியது. அவ்வளவுதான், கோபுரம் சரிந்தது.

"ஃபேனைப் போட்டது யாருன்னு அந்தப் பக்கம் கேளும்மா" என்றார் பெரியம்மா.

"வேர்த்துச்சு, போட்டோம்னு சொல்லும்மா" என்றார் கம்பி மாமா.

அம்மா சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. விளையாட்டு வைத்துச் சண்டையை மூட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு ஒன்று தோன்றியது. வீட்டில் நானும் வாண்டுவும் எதைக் கட்டினாலும் அடிதடிதான். இரண்டு கட்டிலுக்கு நடுவே அவனுடைய பஸ்ஸுக்குப் பாலம் கட்டும்போது மட்டும் சண்டை வராது. அவன் பக்கம் சரிந்தாலும் என் பக்கம் சரிந்தாலும் பஸ் விழுந்துவிடுமே.

"அம்மா, வேற விளையாட்டு வைக்கலாமா? பாலம் கட்டுற விளையாட்டு" என்றேன்.

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. வாயாடி ஒரு விளையாட்டு சொல்றா."

கம்பி மாமாவின் இரும்பு ஸ்கேல் ஒரு மீட்டர் நீளம். அதைக் கேட்டு வாங்கி, ஒரே உயரமுள்ள இரண்டு மேசைகளை அது சரியாகப் பொருந்தும் இடைவெளியில் தள்ளி வைக்கச் சொன்னேன். நடுவில் கப்புகளை அடுக்கி ஒரு தூண் வைத்தேன்.

"கம்பிக்காரங்க இந்த மேசையிலேர்ந்து அரை மீட்டர் பாலம் கட்டணும். தையல்காரங்க அந்த மேசையிலேர்ந்து அரை மீட்டர். ரெண்டும் தூண் மேல சேரணும். வாண்டு பஸ் இங்கேர்ந்து அங்க போகணும். விழுந்தா ரெண்டு பக்கமும் தோத்தாச்சு."

"அப்போ ஜெயிக்கிறது யாரு?" என்று கேட்டார் கம்பி மாமா.

"நான்" என்றான் வாண்டு.

முதன்முறையாக இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. காலி அட்டைப்பெட்டிகளை அளந்து வெட்டினார்கள். செய்தித்தாளைச் சுருட்டி அடியில் முட்டுக் கொடுத்தார்கள். பசை தடவி மேசை விளிம்பில் ஒட்டினார்கள். வேலை என்று வந்துவிட்டால் அவர்கள் கைகள் என்ன அழகாக ஓடுகின்றன தெரியுமா? ஆனால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு பாதிகளும் தூண் மேல் வந்தன. வாண்டு பஸ்ஸை உருட்டினான். பஸ் பாதி தூரம் நன்றாகத்தான் போனது. நடுவில் தையல்காரர்களின் அட்டை மற்ற அட்டையின் மேல் ஒரு விரல் அகலம் ஏறி உட்கார்ந்திருந்தது. பஸ் அதில் இடித்துச் சாய்ந்து, பொத்தென்று கீழே விழுந்தது.

வாண்டுவின் உதடு பிதுங்கியது.

"அவங்க அட்டை நீளம்னு சொல்லும்மா" என்றார் கம்பி மாமா.

"நான் அளந்தது சரியா அரை மீட்டர். அவரோடது குட்டைன்னு சொல்லும்மா" என்றார் பெரியம்மா.

அம்மா கீழே கிடந்த பஸ்ஸைப் பார்த்தார். "குடைக்கும் இதே பேச்சுதான் பேசினீங்க" என்று மெதுவாக முணுமுணுத்தார்.

நான் பஸ்ஸை எடுத்து வாண்டுவிடம் கொடுத்தேன். பிறகு, "மாமா, நீங்க எதால அளந்தீங்க?" என்று கேட்டேன்.

"இந்த இரும்பு ஸ்கேல்தான்."

"பெரியம்மா, நீங்க?"

"கழுத்துல கிடக்குதே, இந்த டேப்புதான்."

அந்தத் துணி டேப் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பெரியம்மாவின் கழுத்தில் மாலையாகக் கிடக்கிறது.

"ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாமா?" என்றேன்.

தரையில் ஸ்கேலை வைத்தேன். அதை ஒட்டி டேப்பை நீட்டினேன். எல்லாரும் குனிந்தார்கள். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. போகப் போக விலகின. டேப்பில் ஐம்பது என்று இருந்த இடத்தில், ஸ்கேலில் ஐம்பத்தொன்று என்று இருந்தது.

பெரியம்மாவின் முகம் சுருங்கிப்போனது. துணி ஏன் தொளதொளவென்று தொங்கியது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. எனக்குப் பெரியம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீங்க சரியாத்தான் அளந்தீங்க பெரியம்மா. இழுத்து இழுத்து டேப்புதான் வளந்துடுச்சு. எனக்கும் போன வருஷ யூனிஃபார்ம் இப்போ பத்தல" என்றேன்.

பெரியம்மா சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கம்பி மாமா இப்போது குத்திக்காட்டுவார் என்று பயந்தேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, "இத்தனை நாளா உங்க துணியைத் திட்டிக்கிட்டே இருந்தேன் அக்கா. எழுந்து வந்து அளந்து பாக்கத் தோணலையே எனக்கு" என்றார்.

"நான் மட்டும் வந்தேனா? விடுங்க தம்பி. அந்த ஸ்கேலைக் குடுங்க" என்றார் பெரியம்மா.

அவர்கள் நேரடியாகப் பேசிக்கொண்டதை எல்லாரும் கவனித்தோம். ஆனால் யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு விரல் அகலம் அட்டையை வெட்டினார்கள். கம்பி மாமா தூணைப் பிடித்துக்கொள்ள, பெரியம்மா அட்டைகளைச் சேர்த்தார். வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை உருட்டினான். அது நடுப்பகுதியைத் தாண்டி, அடுத்த மேசை வரை ஓடிப் பெரியம்மாவின் கையில் போய் நின்றது. பட்டறை முழுவதும் கைதட்டியது. வாண்டு இரண்டு கைகளையும் தூக்கி எல்லாருக்கும் காட்டினான்.

கைதட்டல் ஓய்ந்ததும் அம்மா பேசினார். நேற்று பெருமூச்சு விட்ட அம்மாவின் குரலா இது என்று இருந்தது.

"இனிமே ரெண்டு பிரிவுக்கும் ஒரே அளவு, இந்த இரும்பு ஸ்கேல். தினமும் முதல் குடையை அண்ணனும் அக்காவும் சேர்ந்து விரிச்சுப் பாக்கணும். சரியா இருந்தாத்தான் அடுத்த குடை. திரும்பி வந்ததையெல்லாம் திங்கக்கிழமையே பிரிச்சுத் தைச்சிடலாம்."

"சரிங்க சூப்பர்வைசரம்மா" என்றார் கம்பி மாமா. அதில் கேலி கொஞ்சமும் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, திங்கக்கிழமை நீ முதலாளிகிட்ட என்ன சொல்லப் போறே?"

"தையலுக்குப் புது டேப்பு வேணும்னு சொல்லப் போறேன்" என்றார் அம்மா. என் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். "என் பொண்ணு கண்டுபிடிச்சான்னும் சொல்லுவேன்."

அடுத்த மாதம் ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் மழை கொட்டியது. வாசலில் எல்லாரும் நின்றிருந்தோம். நான் என் குடையை விரித்தேன். துணி டப்பென்று விறைத்து நின்றது. காற்று அடித்தும் அது அசையவில்லை.

"எங்க அம்மா மேற்பார்வை பாத்த குடை" என்று உரக்கச் சொன்னேன்.

யாரும் என்னிடம் கேட்கவில்லைதான். ஆனாலும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டாமா?