காளீஸ்வரியின் வலது கை

"இது நான் கூப்பிட்ட ஆட்டோ!"

"இல்லைங்க... நான் கை காட்டித்தான் நின்னுச்சு!"

காரைக்குடி புதுப் பேருந்து நிலைய வாசலில் ஐப்பசி மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. ஆட்டோவுக்குள் முதலில் ஏறிவிட்ட தைரியத்தில் அவள் முறைத்தாள். தோல்பையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே நனைந்துகொண்டிருந்தவன் பதிலுக்கு முறைத்தான்.

"ரெண்டு பேருக்கும் செக்காலைப் பக்கந்தானே? சண்டையை உள்ள உக்காந்து போடுங்க. இங்க நான் நனையிறேன்" என்றார் ஆட்டோக்காரர்.

வேறு வழியில்லை. அவள் வலது ஓரத்துக்கு நகர, அவன் ஏறிப் பையை இருவருக்கும் நடுவில் வைத்தான்.

"பையில என்ன... புதையலா? இம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கீக?"

"ஊரார் கதை பூராம் இதுக்குள்ளதான் இருக்கு. நனைஞ்சா அழிஞ்சு போயிரும்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. காட்டிக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து, வலது பக்கப் படுதாவின் கயிறு அவிழ்ந்து காற்றில் படபடத்தது. சாரல் நேராக அவள் முகத்தில்... கழுத்தில்... இடது கையால் எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். எட்டவில்லை.

"வலது கையைத் தூக்கிக் கட்டுனா முடிஞ்சு போச்சு. மகாராணிக்குக் கையைத் தூக்க வலிக்குதோ?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பெரிய கண்கள்... அவற்றில் நின்ற நீர் மழை நீரா, வேறா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஆமா... வலிக்குது."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "அண்ணே, ஓரமா நிப்பாட்டுங்க" என்றவன், கொட்டும் மழையில் இறங்கி, வண்டியைச் சுற்றி ஓடிவந்து, வெளியே நின்று கயிற்றை இறுக்கிக் கட்டினான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இமை முடிகளில் துளித்துளியாய் மழை...

'இந்தக் கண்ணுக்கு ஒரு குளோசப் வச்சா எப்படி இருக்கும்!'

சே... என்ன நினைப்பு இது! காளீஸ்வரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செக்காலையில் அவன் இறங்கினான். "மன்னிச்சுக்கங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். பேரைக்கூட இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பிஸியோதெரபி மையத்தில் மேரி சிஸ்டர் தோளைப் பிடித்துத் திருகியபோது, அன்று ஏனோ காளீஸ்வரி கத்தவே இல்லை.

*

கல்யாணத்துக்குப் படம் பிடிப்பவள் காளீஸ்வரி. நான்கு மாதத்துக்கு முன் கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில், மேலிருந்து முகப்பைப் பிடிக்க ஏணியில் ஏறியவள், கால் வழுக்கி வலது தோளில் விழுந்தாள். எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்து... ஆறு மாதம் கேமராவைத் தூக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

அவள் விவரமானவள்தான். முதல் பெரிய கேமரா வாங்கியபோதே அதற்குக் காப்பீடு போட்டாள். போட்டுவிட்டு யோசித்தாள். கேமரா உடைந்தால் வேறு வாங்கலாம்... கை உடைந்தால்? அன்றைக்கே தனக்கும் இரண்டு பாலிசி எடுத்தாள். ஒன்று மருத்துவக் காப்பீடு. மற்றொன்று விபத்துக் காப்பீடு. அடிபட்டு வேலை செய்ய முடியாமல் கிடக்கும் வாரங்களுக்கு வருமானத்துக்குப் பதிலாக ஒரு தொகை தரும்.

"காசைக் கொண்டுபோயிக் கம்மாய்த் தண்ணியில போடுறா எம்மக" என்று அப்பா தங்கச்சாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஆஸ்பத்திரிச் செலவை மருத்துவக் காப்பீடு தீர்த்துவிட்டது. ஆனால் விபத்துக் காப்பீட்டுக் கம்பெனி இழுத்தடித்தது. அவளுடைய ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அந்த மாதங்களிலும் புதுப்புதுக் கல்யாண வீடியோக்கள் வந்திருந்தனவாம். அப்படியென்றால் அவள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறாளாம்!

அதாவது... பொய்க்காரியாம்.

*

மறுநாள் காலை அமராவதிபுதூரில் அவள் வீட்டு வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. எட்டிப் பார்த்த காளீஸ்வரியின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அவனேதான்! அதே தோல்பை... அதே கண்கள்...

அவனும் திகைத்துத்தான் போனான். கையிலிருந்த காகிதத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"காளீஸ்வரிங்கிறது... நீங்களா? நான் சரவணகுமார். காப்பீட்டுக் கம்பெனிக்காக விசாரிக்க வந்திருக்கேன்."

துள்ளிய நெஞ்சு அப்படியே நின்றது. அடுத்த நொடி எரிந்தது.

"ஓ! அப்ப நேத்து ஆட்டோவுல ஏறுனதும் விசாரணைதானா? என் கை நெசமா வலிக்குதான்னு சோதிச்சுப் பார்த்தீகளா?"

"சத்தியமா இல்லைங்க. நேத்து நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"நடிக்காதீக! மழையில இறங்கிக் கயித்தைக் கட்டுனதுகூட நடிப்புத்தானே?"

அவனிடமிருந்து அடிபட்ட மாதிரி ஒரு பார்வை... பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டான். எங்கே விழுந்தீக? யார் தூக்குனாக? இப்ப எவ்வளவு தூரம் கை எழும்புது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிச் செலவுதான் வந்துருச்சே. இந்தப் பணம் எதுக்குன்னு கம்பெனி ஆபீசுலயே கேக்குறாக. நீங்க என்ன சொல்றீக?"

"அது ஆஸ்பத்திரிக்காரவுகளுக்குப் போச்சு. என் கையில என்ன வந்துச்சு? எலும்பை ஒட்ட வச்சாச்சு, சரி... அது கூடுற வரைக்கும் நான் சாப்பிட வேணாமா? கேமராவுக்குத் தவணை கட்ட வேணாமா? அதுக்குத்தானே ரெண்டாவது பாலிசி! நான் தருமம் கேக்கல. வருசாவருசம் கட்டிட்டு, எழுதிக் குடுத்த வாக்கைக் கேக்குறேன்."

"வீடியோவெல்லாம்?"

"என் சிநேகிதி ஜனனி எடுத்தது. ஸ்டுடியோவை மூடிரக் கூடாதுன்னு, தன் வேலையை விட்டுட்டு வந்து எடுத்துக் குடுக்குறா."

அவன் எழுந்தான். வாசல் வரை போனவன் திரும்பினான்.

"நான் பார்த்ததைத்தான் எழுதுவேன்."

"எழுதுங்க. நேத்து பார்த்ததையும் சேர்த்தே எழுதுங்க!" என்று கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று ஏன் அழுதாள் என்று அவளுக்கே புரியவில்லை...

*

கார்த்திகையில் கம்பெனியின் பதில் வந்தது. விசாரணையின் அடிப்படையில் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

"பார்த்தியாடி... அவன் எழுதுன லட்சணத்தை!" என்று கொதித்தாள் ஜனனி.

தங்கச்சாமி ஈரத் துண்டை உதறிப் போட்டார். "விடு ஆத்தா. கேமராவை வித்துட்டு வீட்டோட இரு. நமக்கெதுக்கு இந்த வம்பு?"

"பணம் போனாப் போகட்டும்ப்பா. பொய்க்காரின்னு எழுதியிருக்காகளே... அதை எப்புடி விடச் சொல்றீக?"

விடவில்லை. கம்பெனிக்கே மறுபடி முறையிட்டாள். முடிவு மாறவில்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம் என்று தேடிப் படித்துத் தெரிந்துகொண்டாள். இடது கையால் தட்டித் தட்டி மனுவை அவளே எழுதினாள். தையில் காணொளி வழியாக விசாரணை வந்தது.

திரையில் குறைதீர்ப்பாளர்... நரைத்த தலை, சாந்தமான முகம். பக்கத்துக் கட்டத்தில் கம்பெனி அதிகாரி.

"நேர்ல போய் விசாரிச்சோம் சார். அவங்க தொழில் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் அதிகாரி.

அந்த நொடி காளீஸ்வரிக்கு என்ன தோன்றியதோ... நனைந்த இமைகளும், அந்த அடிபட்ட பார்வையும் கண்முன் வந்தன. இந்தக் கண் பொய் எழுதியிருக்குமா? இத்தனை முகங்களைக் கேமரா வழியாகப் பார்த்தவள் அவள். ஒரு முகத்தையா தவறாகப் படித்திருப்பாள்?

"ஐயா, விசாரிக்க வந்தவுகளையே கூப்பிட்டுக் கேளுங்க. என் கண்ணைப் பார்த்து அவுக சொல்லட்டும், நான் பொய்க்காரின்னு!"

ஜனனி தலையில் கை வைத்துக்கொண்டாள். குறைதீர்ப்பாளர் சற்று யோசித்தார். "கூப்பிடலாமே" என்றார். விசாரணை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

அடுத்த வாரம் திரையில் மூன்றாவதாக ஒரு கட்டம் திறந்தது. சரவணகுமார்! கொஞ்சம் இளைத்திருந்தான்.

"ஐயா, இவங்க வீட்டுக்குப் போறதுக்கு முதல் நாளே தற்செயலா ஒரே ஆட்டோவுல வந்தோம். நான் யாருன்னு இவங்களுக்குத் தெரியாது, இவங்க யாருன்னு எனக்கும் தெரியாது. மழை மூஞ்சியில அடிச்சும், வலது கையைத் தூக்கிப் படுதாவைக் கட்ட இவங்களால முடியல. பார்க்குறது யாருன்னே தெரியாத நேரத்துல யாரும் நடிக்க மாட்டாங்க. அதையும் அறிக்கையில எழுதியிருக்கேன்."

அதிகாரியின் முகம் மாறியது. "அந்த வீடியோக்கள்..."

"எல்லாத்தையும் பார்த்தேன் சார். ஒண்ணுல, கல்யாண வீட்டு வளவு முற்றத்துல இருக்கிற பெரிய நிலைக்கண்ணாடியில கேமரா பிடிச்சிருக்கிற ஆள் தெரியுது. அது இவங்க இல்ல. இவங்க சிநேகிதி. அந்தப் படத்தையும் அறிக்கையோட சேர்த்துத்தான் அனுப்புனேன்."

குறைதீர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றி அதிகாரியைப் பார்த்தார். "முழு அறிக்கை எனக்கு ஏன் வரலை?"

அதிகாரி முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டினார்.

காளீஸ்வரிக்குத் திரை மங்கலாய்த் தெரிந்தது. அழுகிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது. அவன் முதல் நாளிலிருந்து அவள் பக்கம்தான் நின்றிருக்கிறான்... ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்!

மாசியில் தீர்ப்பு வந்தது. வேலை செய்ய முடியாமல் போன ஒவ்வொரு வாரத்துக்கும், வட்டியோடு, முழுத் தொகையையும் கம்பெனி தர வேண்டும்!

ஜனனி போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருவே திரும்பிப் பார்த்தது. தங்கச்சாமி தீர்ப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடி படித்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கடைவீதியில் இருந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் மெல்ல மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் ஆத்தா... அந்த விபத்துப் பாலிசி, உழவு ஓட்டுறவுகளுக்கும் குடுப்பாகளா? எனக்கும் ஒண்ணு போட்டு விடேன்."

காளீஸ்வரி சிரித்த சிரிப்பில் வாசல் வேம்பிலிருந்து காகங்கள் பறந்தன.

*

பங்குனியில் ஸ்டுடியோவை அவளே திறந்தாள். தோளுக்கு மேல் கை எழும்பியது. கேமராவைத் தூக்கினால் சின்னதாய் ஒரு வலி, அவ்வளவுதான். முதல் கல்யாணத்துக்கு முன்பணமும் வாங்கியாயிற்று.

எல்லாம் இருந்தது... அவன் மட்டும் வரவில்லை. விசாரணைக் காகிதத்தில் அவன் நம்பர் இருந்தது. எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தாள். என்ன பேசுவது? நடிக்காதீக என்று கதவைச் சாத்தியவள் அல்லவா அவள்?

ஒரு மாலை, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டை உள்ளே வந்தது.

"போட்டோ எடுக்கணும்" என்றான் சரவணகுமார்.

உள்ளே கணினி முன் இருந்த ஜனனி, "டீ வாங்கிட்டு வர்றேன்" என்று நழுவினாள்.

"இத்தனை நாளா எங்க போனீக?" கோபமாய்க் கேட்க நினைத்தாள். குரல் தழுதழுத்தது.

"கேஸ் நடக்குறப்ப உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தாலும், நான் சொல்றதை யாரு நம்புவாக? அதான் வரல."

"அந்தக் கம்பெனி?"

"இனிமே என்னைக் கூப்பிட மாட்டாக. போகட்டும். மதுரையில வேற ரெண்டு கம்பெனி கூப்பிட்டுருச்சு. எழுதுறதை மாத்தாத ஆளு வேணுமாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு உங்களை... நான் ரொம்பப் பேசிட்டேன்."

"பேசுனீக. அந்தக் கோவத்துலயும் ஒரு வார்த்தை பொய் இல்ல. ஊர் ஊராப் பொய் கேட்டே பழகுன காதுங்க இது... அன்னைக்கு ராத்திரி பூராம் உங்க குரல்தான் கேட்டுச்சு."

கன்னம் சூடாயிற்று. அவசரமாய் விளக்கைப் போட்டாள். "எ... எதுக்குப் போட்டோ? பாஸ்போர்ட்டுக்கா?"

"இல்ல. வீட்டுல பொண்ணு பார்க்குறாக. போட்டோ கேக்குறாக."

விளக்கின் மேல் இருந்த கை அப்படியே நின்றது. ஓ... அதற்கா! ஆனாலும் தொழில்காரி அல்லவா? நிமிர்ந்தாள். வலது கையால் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள்.

"இங்குட்டுப் பாருங்க... கொஞ்சம் சிரிங்க..."

அவன் சிரிக்கவில்லை. லென்ஸ் வழியாக அந்தக் கண்கள் அவளை மட்டுமே பார்த்தன. விலகாமல், மறைக்காமல்... அதில் எழுதியிருந்ததைப் படிக்க அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

கிளிக்.

"நல்லா வந்திருக்கா?" அவன் குரல் நடுங்கியது. "எப்பக் குடுப்பீக?"

காளீஸ்வரி கேமராவை இறக்கவில்லை. அதன் பின்னால் ஒளிந்துகொண்டே சொன்னாள்.

"குடுக்க மாட்டேன். எவளுக்கும் இதை அனுப்பக் கூடாது. நானே வச்சுக்குவேன்."

அவன் முகத்தில் அப்போதுதான் அந்தச் சிரிப்பு மலர்ந்தது...

"அதுக்குத்தாங்க வந்தேன்!"

கிளிக் என்று அதையும் பிடித்துக்கொண்டாள் காளீஸ்வரி.