முகமறைக்குப் பின்னால் ஒரு நேர்காணல்

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் மாணவர்களின் முகங்களை அழிப்பதுதான் மங்கையர்க்கரசியின் முதல் வேலை. செவ்வாய்ப் பல்கலைக்கழகத்தில் அது பெரிய விஷயமில்லை. நேர்காணலுக்குப் போகிறவர் வாசலில் சற்று நின்றால், 'முகமறை' என்னும் மெல்லிய ஒளித்திரை அவர்மேல் இறங்கிவிடும். முகம், பெயர், ஆணா பெண்ணா, எந்தக் கோள் என்பதெல்லாம் மறைந்து, சாம்பல் நிற உருவமும் ஏற்ற இறக்கமில்லாத குரலும் மட்டும் மிஞ்சும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பை மனிதர்களிடமிருந்து பிடுங்கி 'தேர்வி' இயந்திரங்களிடம் கொடுத்து இரண்டு தலைமுறை ஆயிற்று. மனிதர்கள் கையில் இருந்தவரை ஊரில் ஆரம்பித்து, அப்பா பெயர், தெருப் பெயர் என்று சுற்றி வளைத்து, கடைசியில் தங்களுக்கு வேண்டியவரையே எடுத்தார்கள். தேர்விக்கு ஊரும் கிடையாது, உறவும் கிடையாது. வேலை தெரியுமா என்று மட்டும் பார்க்கும்.

மங்கைக்கு அதில் முழு நம்பிக்கை. வெளிக்கோள் மாணவர்களுக்கு வேலை தேடித் தரும் பணிவழிப் பிரிவில் அவள் சேர்ந்து ஓர் ஆண்டு முடிகிறது. தன்னிடம் வந்த எல்லாரையும் வேலையில் உட்கார வைத்துவிட்டாள், ஒருவனைத் தவிர.

அவன் நன்மாறன், யூரோப்பா நிலவிலிருந்து வந்தவன். பனிக்கு அடியில் இருக்கும் கடலில் இறங்கிக் குழாய்களைப் பழுது பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் போன நேர்காணல்களில் எல்லாம் தோற்றான். ஒரே காற்றைப் பங்கு போட்டுச் சுவாசிக்கும் அவன் ஊரில், ஒரு வேலையை 'நான் செய்தேன்' என்று சொல்வது மரியாதைக் குறைவு. அன்று அவனுக்குக் கடைசி நேர்காணல். தங்கும் அனுமதியும் அன்றோடு முடிகிறது. வேலை கிடைக்காவிட்டால் மாலைக் கப்பலில் ஏறியாக வேண்டும். ஏறிவிட்டால் மறுபடி செவ்வாய்க்கு வர முடியாது.

"குழாய் வெடிச்சப்போ என்ன செஞ்சே?" என்று கடைசி ஒத்திகையில் கேட்டாள் மங்கை.

"அடைச்சோம் மேடம்."

"அடைச்சோம்னா? உங்க தெருவே தண்ணிக்குள்ள இறங்குச்சா?"

"இறங்கினது நான்தான். ஆனா மேல நின்னு கயிறு புடிச்சவங்க கேட்டா சங்கடப்படுவாங்கல்ல."

"அவங்க இங்க இல்லப்பா. தேர்விதான் இருக்கு. நீ செஞ்சதை நீ சொன்னாத்தான் அது மார்க் போடும். சொல்லு."

"நான்... நான் அடைச்சேன்."

"திருடிட்டு மாட்டின மாதிரி சொல்ற. இன்னொரு தடவை."

நேர்காணல் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நன்மாறன் பிசகவில்லை. நான் இறங்கினேன், நான் கண்டுபிடித்தேன், நான் அடைத்தேன். ஒவ்வொரு பதிலும் தயங்காமல் வந்தது. முடிவில், அவனுக்கு முன்னால் வந்துபோன இன்னொரு சாம்பல் உருவத்துக்கும் அவனுக்கும் ஒரே மதிப்பெண். இடம் ஒன்றுதான்.

"கேள்விகள் நிறைவுற்றன" என்றது தேர்வி. ஆனால் அணையவில்லை. அதுவரை அச்சுத் தமிழில் பேசிய குரல் மெல்லத் தணிந்தது.

"நீங்க பேசுறப்ப லேசா ஒரு முனகல் கேக்குதே. செவிச்சில்லா?"

ஆழ்கடல் அழுத்தத்திலும் கேட்பதற்காக யூரோப்பாக் குழந்தைகளின் காதுக்குள் பதிக்கும் சில்லு அது. முகத்தை மறைக்கத் தெரிந்த ஒளித்திரைக்கு அதன் முனகலை மறைக்கத் தெரியவில்லை.

"ஆமாங்க."

"எந்த உலையில வார்த்தது?"

"கானிமீடு நிலவுல. மூணாவது உலை."

"அட. என் சில்லு நாலாவது உலையில வார்த்தது. உங்களுக்குப் பக்கத்துச் சந்துதான். குளிர்த்தொட்டி ஒண்ணு இருக்குமே, பெருசா?"

"நான் பார்த்ததில்லைங்க. சில்லு பார்த்திருக்கும்."

"வீட்ல எல்லாருக்கும் மூணாவதுதானா?"

"தங்கச்சிக்கு நாலாவது."

"அப்ப நமக்கு ரொம்ப வேண்டியவங்களா போச்சு. படிப்பு முடிஞ்சதும் பாப்பாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

பணி ஆணை உடனே வந்துவிட்டது. நன்மாறன் முகமறையைக் கலைத்துவிட்டு ஓடி வந்தான். "மேடம், 'நான்' எல்லாம் சரியா வந்துச்சா?"

முடிவுக்காக வெளியே காத்திருந்த, அதே மதிப்பெண் வாங்கிய அந்தச் சாம்பல் உருவம் எழுந்து வாசலை நோக்கி நடப்பதை மங்கை பார்த்தாள். புகார் கொடுக்கலாம். கொடுத்தால் மாலைக் கப்பலில் இவன் ஏற வேண்டும்.

"நல்லா வந்துச்சுப்பா" என்றாள்.

மறுநாள் புதிய கல்வியாண்டு. முதல் ஆளாகப் பூமியிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித்தர மங்கை ஓர் ஆண்டாகத் திருத்தித் திருத்தி உருவாக்கிய பாடம் தயாராக இருந்தது. அவள் அதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உக்காரும்மா. முதல்ல இதைச் சொல்லு. உன் செவிச்சில்லு எந்த உலை?"

"பூமியில நாங்க யாரும் சில்லு வைக்கிறதில்லையே மேடம்."

மங்கை கொஞ்சம் யோசித்தாள்.

"பரவாயில்ல. சொந்தக்காரங்க யாராவது கானிமீடு பக்கம் இருக்காங்களா?"